ஸ்னோமொபைல் ட்ரெயிலுக்குக் காசு எங்கிருந்து வரவேண்டும்: பதிவுக் கட்டணமா, பாஸா, கிளப் சந்தாவா?

அக்டோபர் பிறந்தால் இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். புதிதாக ஸ்லெட் (பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி) வாங்கியவர்கள், முக்கியமாக டொராண்டோ பக்கம் இருப்பவர்களும் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே இருப்பவர்களும், "வண்டியைப் பதிவு பண்ணியாச்சு, இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு, அப்புறம் எதற்கு ட்ரெயிலுக்குத் தனியாக ஒரு பாஸ், அதற்கு மேல் கிளப் சந்தா வேறு?" என்று கேட்கிறார்கள். ட்ரெயிலை, அதாவது ஸ்லெட் ஓடும் பனிப்பாதையை, பராமரிக்கும் உள்ளூர் கிளப்புகளின் கமிட்டியில் இருப்பவர்கள் இதையே மறுபக்கத்திலிருந்து கேட்கிறார்கள்: எந்த வழியில் வசூலித்தால் ட்ரெயில் அடுத்த பத்து வருடம் நிலைக்கும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவரைக் கிளப்புக்குள் இழுத்து வருகிற முறைதான் நல்ல முறை. வசூலாகும் தொகை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஏன் என்று புரிய, அந்தக் காசு எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

## காசு போகும் இடம்

ட்ரெயிலைச் சமன் செய்யும் இயந்திரத்துக்கு க்ரூமர் என்று பெயர். டக்கர், பிஸ்டன்புல்லி, ப்ரினோத் மாதிரி கம்பெனிகளின் புதிய வண்டி என்றால் லட்சக்கணக்கான டாலர். பின்னால் இழுத்துப் போகும் ட்ராக் (drag) என்ற சமன் செய்யும் சட்டம் தனி விலை. பகலில் ஸ்லெட்டுகள் ஓடி ஓடிப் பாதை முழுக்க மேடு பள்ளமாகிவிடும், உட்கார்ந்து ஓட்டினால் முதுகெலும்பு கழன்றுவிடும் போல இருக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கப் போன பிறகு க்ரூமர் கிளம்பும். ட்ராக்கின் முன்பக்கப் பிளேடுகள் மேடுகளைச் சீவிவிடும், நடுவில் பனி உருண்டு புரண்டு கலக்கும், கடைசியில் இருக்கும் தட்டையான உலோகத் தகடு அதை அழுத்திவிட்டுப் போகும். அதற்குப் பிறகு சில மணி நேரம் யாரும் மேலே ஏறாமல் இருந்தால்தான் குளிரில் அது இறுகும். மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் வேகம்தான், அதற்கு மேல் விரட்டினால் சமனாக வராது. ராத்திரி முழுக்க டீசல் எரியும், ஒருவர் கண்விழித்து ஓட்ட வேண்டும். அவர் பல கிளப்புகளில் சம்பளம் வாங்காதவர், காலையில் வேறு வேலைக்குப் போக வேண்டியவர்.

இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. மரப்பாலங்கள், போர்டுகள், இலையுதிர் காலத்தில் புதர் வெட்டுவது, காற்றில் சாய்ந்த மரங்களை அறுத்து ஒதுக்குவது, கிளப்பின் பொறுப்புக் காப்பீடு என்று மீதியும் வரிசையாக நிற்கும்.

காசால் மட்டும் வாங்க முடியாத ஒன்றும் இருக்கிறது: நிலம். வெர்மான்ட்டில் ட்ரெயிலின் சுமார் 80 சதவீதம் தனியார் நிலத்தில் போகிறது, மெய்ன் மாநிலத்தில் அதைவிட அதிகம். ஒரு பால்பண்ணைக்காரரின் வயல் ஓரம், ஒரு மரக்கம்பெனியின் காடு, ஒரு வயதான தம்பதியின் பின்புறத் தோட்டம். இவர்களில் ஒருவர் "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொன்னால் இரண்டு ஊர்களை இணைக்கிற பாதையே அறுந்துபோகும். சரி, வாடகை கொடுத்துவிடலாமே என்றால் அங்கேதான் சிக்கல். நியூயார்க்கில் பொதுக் கடப்பாடுகள் சட்டத்தின் 9-103 பிரிவு, பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரை விபத்து வழக்கிலிருந்து பெருமளவு காப்பாற்றுகிறது, ஆனால் அதற்காக அவர் கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். மற்ற பனி மாநிலங்களிலும் இதே மாதிரிச் சட்டங்கள் உண்டு. ஆகவே நில உரிமையாளரைத் தக்கவைப்பது பழக்கம், மரியாதை, வேலி உடைந்தால் மறுநாளே போய்ச் சரிசெய்து கொடுப்பது, இவற்றால்தான் நடக்கிறது. அதைச் செய்ய ஆள் வேண்டும். எந்த வசூல் முறையை எடை போட்டாலும் எனக்கு முதல் கேள்வி இதுவே: இந்த முறை ஆளைக் கொண்டு வருமா?

## எதை வைத்து எடை போடுவது

ஆள்பலத்தோடு இன்னும் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன். ட்ரெயிலைப் பயன்படுத்துகிறவர்தான் கட்டுகிறாரா, அல்லது வண்டியைத் தன் சொந்த நிலத்தில் மட்டும் ஓட்டுகிறவரும் சேர்ந்து கட்டுகிறாரா? கட்டிய காசு க்ரூமரின் டீசல் டேங்க் வரை எவ்வளவு சீக்கிரம், எத்தனை கை மாறிப் போகிறது? பனியே விழாத வருடத்தில் வசூல் என்ன ஆகும்? கட்டாமல் ஓட்டுகிறவரைப் பிடிக்க எவ்வளவு செலவு?

மூன்றாவது கேள்வி இப்போது சும்மா கேட்பதல்ல. 2023-24 குளிர்காலம் விஸ்கான்சினிலும் மினசோட்டாவிலும் பதிவான வரலாற்றிலேயே வெப்பமான குளிர்காலம். பல இடங்களில் ட்ரெயில் திறக்கவே இல்லை. க்ரூமர் கடன் தவணை மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

## பதிவுக் கட்டணம்

இதை நம் ஊர் சாலை வரி மாதிரி நினைத்துக்கொள்ளலாம், பாஸை டோல்கேட் மாதிரி. வண்டி வைத்திருந்தால் கட்டியே ஆக வேண்டும், எவ்வளவு ஓட்டுகிறாய் என்ற கேள்வியே இல்லை.

வசூலிக்க மிக எளிதான வழி இது. பதிவு அலுவலகம் ஏற்கெனவே இருக்கிறது, பதிவு ஸ்டிக்கர் வண்டியில் தெரிகிறது, காவல்துறையும் வனத்துறையும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். மெய்ன் மாநிலத்தில் தனி ட்ரெயில் பாஸே கிடையாது, பதிவுதான் எல்லாம். வெளிமாநிலத்தவருக்கு மூன்று நாள், பத்து நாள், முழு சீசன் என்று பதிவிலேயே வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். வார இறுதிக்கு வந்துபோகிறவருக்கு இது நியாயமான ஏற்பாடு.

பதிவின் பக்கபலமாக இன்னொரு வருமானம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. ஸ்லெட்டுக்குப் போடும் பெட்ரோலிலும் சாலைக்கான வரி சேர்ந்திருக்கிறது, ஆனால் ஸ்லெட் சாலையில் ஓடுவதில்லை. அதனால் சில மாநிலங்கள் அந்தப் பங்கை ட்ரெயிலுக்குத் திருப்பிவிடுகின்றன. விஸ்கான்சின் கணக்கு நேரடியானது: பதிவான ஒவ்வொரு வண்டிக்கும் 50 கேலன் என்று வைத்து, அதை எரிபொருள் வரியால் பெருக்கி, மேலே 40 சதவீதம் சேர்க்கிறார்கள். பனி விழுந்ததா, வண்டி ஓடியதா என்று பார்ப்பதில்லை. பனி இல்லாத வருடத்தில் கிளப்பைக் காப்பாற்றுவது இந்த மாதிரிக் கணக்குதான், பதிவை ஒழுங்காகப் புதுப்பிக்க இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

குறைகளும் உண்டு. காசு மாநிலக் கருவூலத்துக்குப் போய், அங்கிருந்து மானியமாக மாவட்டத்துக்கோ ஊராட்சிக்கோ வந்து, பிறகு கிளப்புக்கு வருகிறது. பல இடங்களில் கிளப் முதலில் தன் கையிலிருந்து செலவழித்துவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற முடியும், சிறிய கிளப்புக்கு அந்த இடைவெளி மூச்சுமுட்டும். பட்ஜெட் நெருக்கடியில் அரசு இந்த நிதியில் கைவைக்கும் ஆபத்தும் எப்போதும் இருக்கிறது. எல்லாவற்றையும் விட, பதிவு மட்டும் செய்துவிட்டு ஓட்டுகிறவருக்கு ட்ரெயிலை யார் போடுகிறார்கள் என்றே தெரியாது. அரசாங்கம் போடுகிறது என்று நினைத்துக்கொண்டு, மூடியிருக்கும் வயலில் குறுக்கே ஓட்டிவிட்டுப் போவார்.

## ட்ரெயில் பாஸ்

பயன்படுத்துகிறவர் கட்டட்டும் என்பது இதன் அடிப்படை. நியாயம் என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதலிடம். மிச்சிகனில் பதிவு மூன்று வருடத்துக்கு 30 டாலர்தான், அதற்கு மேல் வருடாந்திர ட்ரெயில் பெர்மிட் (பாஸுக்கு அங்கே இதுதான் பெயர்) தனி. உறைந்த ஏரியில் மீன்பிடிக்க மட்டும் ஸ்லெட்டை எடுத்துப் போகிறவருக்கு அந்த பெர்மிட் தேவையில்லை. அவர் ட்ரெயிலைத் தொடுவதே இல்லை, எதற்குக் கட்ட வேண்டும்? பெர்மிட் விலையை விலைவாசி உயர்வோடு சேர்த்து அவ்வப்போது ஏற்றவும் அங்கே சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சட்டசபையில் சண்டை போட வேண்டியதில்லை, இது சின்ன விஷயமில்லை.

ஒண்டாரியோ இந்த முறையை முழுவீச்சில் செய்கிறது. சுமார் 30,000 கிலோமீட்டர் ட்ரெயிலை ஒண்டாரியோ ஸ்னோமொபைல் கிளப் கூட்டமைப்பின் கிளப்புகள் பராமரிக்கின்றன, அதில் ஓட்ட பெர்மிட் வேண்டும் என்பது மாகாணச் சட்டம். சீக்கிரம் வாங்கினால் மலிவு: நவம்பர் 1-க்கு முன்னால் ஒரு விலை, டிசம்பருக்குப் பிறகு கணிசமாகக் கூடும். "பனி விழட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று காத்திருப்பவர்தான் அதிகம் கட்டுகிறார். கிளப்பின் கோணத்தில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு, ஏனென்றால் புதர் வெட்டவும் க்ரூமரைப் பழுதுபார்க்கவும் காசு இலையுதிர் காலத்தில்தான் வேண்டும், ஜனவரியில் வந்து பிரயோஜனமில்லை. நீங்கள் ஒண்டாரியோவில் இருந்து, எப்படியும் நான்கைந்து வார இறுதி போவதாக இருந்தால், அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். ஒருமுறை மட்டும் போகிறவர்களுக்குச் சில நாள் பெர்மிட் இருக்கிறது.

ஆனால் பாஸுக்குப் பலவீனமான இடம் வானிலை. சூடான குளிர்காலம் வந்தால் முதலில் சரிவது இதன் விற்பனை, அதுவும் அடுத்த வருடத்துக்கும் சேர்த்துச் சரியும், ஏனென்றால் போன வருடம் வாங்கி ஓட்டாமல் போனவர் இந்த வருடம் யோசிப்பார். அப்புறம் கண்காணிப்பு. காட்டுக்குள் யார் பாஸ் வைத்திருக்கிறார் என்று பார்க்க ரோந்து வேண்டும், அந்த ரோந்துக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் அதே கிளப் தன்னார்வலர்கள்தான். ஏற்கெனவே கையில் ஆள் இல்லாத கிளப்பில் புதர் வெட்ட வேண்டியவரை நிறுத்திப் பாஸ் பார்க்க அனுப்புகிறோம்.

ஒண்டாரியோவில் பெர்மிட்டை இணையத்தில் வாங்கும்போது எந்தக் கிளப்புக்கு ஆதரவு என்று தேர்வு செய்யும் இடம் ஒன்று வரும். நிறையப் பேர் அதைக் கவனிக்காமல் கைக்கு வந்ததை அழுத்திவிடுகிறார்கள். நீங்கள் உண்மையில் எங்கே ஓட்டுகிறீர்களோ அந்தக் கிளப்பைத் தேடி எடுங்கள். இரண்டு நிமிட வேலை.

## கிளப் உறுப்பினர் சந்தா

வெர்மான்ட் இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கிறது. 1967-ல் தொடங்கிய வெர்மான்ட் பனிப்பயணிகள் சங்கம்தான் மாநிலம் முழுவதும் ட்ரெயில் வலையமைப்பை நடத்துகிறது. அதில் ஓட்ட வேண்டுமென்றால் அரசுப் பதிவும் பொறுப்புக் காப்பீடும் போக, உள்ளூர் கிளப் ஒன்றில் உறுப்பினராகி ட்ரெயில் பராமரிப்புத் தொகையையும் கட்ட வேண்டும். உள்ளூர் கிளப், மாவட்டச் சங்கம், மாநிலச் சங்கம் மூன்றுக்கும் பங்கு போகிறது. அரசுக் கருவூலம் நடுவில் இல்லை, காசு ஒன்றிரண்டு கைதான் மாறுகிறது.

இதன் பெரிய லாபம் ஆள். உறுப்பினர் பட்டியல் கையில் இருக்கிறது, கூட்டத்துக்குக் கூப்பிடலாம், அக்டோபரில் ஒரு சனிக்கிழமை புதர் வெட்ட வாருங்கள் என்று கேட்கலாம். பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர் வருவார், அந்த ஒருவர் பத்து வருடம் நிற்பார். நில உரிமையாளர்களைக் கூப்பிட்டு வருடம் ஒருமுறை விருந்து வைக்கும் கிளப்புகள் இருக்கின்றன, அந்த விருந்தில் பரிமாறுவது உறுப்பினர்கள்தான். தன் வயலில் ஓட்டுகிறவனின் முகத்தைப் பார்த்திருக்கிற விவசாயி, ஒரு தடவை வேலி உடைந்தால் ட்ரெயிலை மூடிவிட மாட்டார், கிளப்புக்குப் போன் போடுவார். இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் நான் கிளப் பக்கம் சாய்கிறேன்.

செலவு? மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் வெளியூர்க்காரருக்கு இது கனமாக இருக்கும். வெர்மான்ட் ட்ரெயில்கள் டிசம்பர் 16 முதல் ஏப்ரல் 15 வரை, அதுவும் பனி இருந்தால் மட்டும் திறந்திருக்கும். இரண்டு நாள் போக நினைக்கிறவர் உறுப்பினராவது, காப்பீட்டைச் சரிபார்ப்பது என்று வேலையைப் பார்த்தே பின்வாங்கிவிடலாம். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு தடவை போய்வரத் திட்டமிடுகிறீர்கள் என்றால் வழிகாட்டியோடு வாடகை ஸ்லெட் எடுப்பது நல்லது.

இன்னொரு பக்கம், சந்தாவை மட்டும் நம்பி, மாநிலச் சங்கமோ அரசு மானியமோ பின்னால் இல்லாமல் ஒரு கிளப் நிற்க முடியாது. முந்நூறு பேர் சந்தாவில் க்ரூமர் வாங்க முடியுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

## கலவை முறை: நியூயார்க்கும் விஸ்கான்சினும்

எனக்குப் பிடித்தது நியூயார்க் வழி. அங்கே ஸ்லெட் பதிவு வருடத்துக்கு 100 டாலர். கிளப் உறுப்பினர் என்றால் 45. அந்த நூறில் 10 பதிவுக்கு, 90 ட்ரெயில் நிதிக்கு. உறுப்பினருக்கு 10 பதிவுக்கு, 35 ட்ரெயில் நிதிக்கு. அதாவது மாநிலம் ஒரு வண்டிக்கு 55 டாலரை விட்டுக்கொடுத்து, "போய்க் கிளப்பில் சேர்" என்கிறது.

கிளப் சந்தா 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டிக்கு 45-ம் 40-ம் சேர்ந்து 85, சேராமல் கட்டுவதைவிட 15 குறைவு. குடும்ப உறுப்பினராகி இரண்டு வண்டி பதிந்தால் 130, சேராவிட்டால் 200. கணக்குத் தெரிந்த யாரும் சேராமல் இருக்க மாட்டார்கள். ட்ரெயில் நிதி கொஞ்சம் இழக்கிறது, கிளப்புக்கு 40 டாலர் நேராகக் கைக்கு வருகிறது, கூடவே ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் வருகிறது. அந்தப் பரிமாற்றம் லாபம்தான்.

விஸ்கான்சின் 2015-ல் ட்ரெயில் பாஸ் கொண்டுவந்தபோது இதே யோசனையைப் பாஸில் வைத்தது: உள்ளூர்க்காரருக்கு 30 டாலர், கிளப்பிலும் மாநிலச் சங்கத்திலும் உறுப்பினர் என்றால் 10. வெளிமாநிலத்தவருக்கு 50. யோசனை சரி, ஆனால் 20 டாலர் இடைவெளி போதாது என்பது என் எண்ணம். சந்தா 30 டாலர் என்றால் ஒரே வண்டி வைத்திருப்பவர் சேர்ந்தால் 40, சேராவிட்டால் 30. மனம் இருக்கிறவர்தான் சேருவார், கணக்குப் பார்க்கிறவர் சேர மாட்டார். தள்ளுபடி எப்போதும் சந்தாவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

நியூயார்க் முறையிலும் ஓட்டை இருக்கிறது. பிற மாநிலப் பதிவை அது ஏற்பதில்லை, பென்சில்வேனியாவிலிருந்து ஒரே ஒரு வார இறுதிக்கு வந்தாலும் முழுப் பதிவு. நியூயார்க்கின் டக் ஹில் பனிப்பகுதி மோட்டல்காரருக்கும் உணவகத்துக்கும் அது நஷ்டம். அதே மாநிலத்தின் ஓல்ட் ஃபோர்ஜ் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் அது இருக்கும் வெப் ஊராட்சியின் பெர்மிட் தனியாக வேண்டும், மாநிலப் பதிவு இருந்தாலும் போதாது. அப்புறம் தள்ளுபடிக்காகவே சேர்ந்து, உறுப்பினர் என்று காட்டும் கிளப் வவுச்சரை வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்கு ஒருநாளும் வராத உறுப்பினர்கள். இவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலானவர்களை யாரும் எதுவும் கேட்டதே இல்லை. "வேலை செய்ய வாருங்கள்" என்று பொதுவாக மின்னஞ்சல் அனுப்பினால் யாரும் வர மாட்டார்கள், "உங்களிடம் செயின்சா இருக்கிறதா, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்தப் பாலத்துக்கு வர முடியுமா" என்று ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் வருவார்.

| | பதிவு | பாஸ் | கட்டாயச் சந்தா | கலவை |
|---|---|---|---|---|
| ஓட்டுகிறவர்தான் கட்டுகிறாரா | எல்லாரும் கட்டுகிறார்கள் | ஆம் | ஆம் | பெரும்பாலும் |
| காசு போகும் வேகம் | மெதுவாக | நடுத்தரம் | வேகமாக | பாதி மெதுவாக, பாதி உடனே |
| பனி இல்லாத வருடம் | ஓரளவு தாங்கும் | உடனே சரியும் | சரியும் | தாங்கும் |
| கண்காணிப்பு | எளிது | செலவு அதிகம் | செலவு உண்டு | எளிது |
| ஆள்பலம் | கிட்டத்தட்ட இல்லை | குறைவு | அதிகம் | கேட்டால் அதிகம் |

## யாருக்கு எது

ட்ரெயில் பெரும்பாலும் அரசுக் காட்டில் போகிறது, தனியார் நிலம் குறைவு, சுற்றுலாப் பயணிகள் அதிகம் என்றால் பாஸே போதும், அங்கே நில உரிமையாளர் பிரச்சினை லேசானது. வண்டிகள் நிறைய, ஓட்டுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள், பனி நம்பகமில்லை என்றால் பல வருடப் பதிவும் எரிபொருள் வரிப் பங்கும் அடித்தளமாக இருக்கட்டும். பாதை முக்கால்வாசி வயல்களின் வழியே போகிறது என்றால் கிளப்பைத் தவிர வேறு வழியில்லை, கட்டாயமாக்குவதா தள்ளுபடியால் இழுப்பதா என்பது மட்டுமே விவாதம். நான் தள்ளுபடி என்பேன், கூடவே வெளியூர்க்காரருக்கு மெய்ன் மாதிரி மூன்று நாள் வகை ஒன்றைச் சேர்த்துவிட்டால் மோட்டல்காரரும் பிழைப்பார்.

தனி ஆளாகப் பார்த்தால் கணக்கு இன்னும் எளிது. நியூயார்க்கில் இருந்தால் முதலில் கிளப்பில் சேர்ந்து வவுச்சர் வாங்குங்கள், அதன் பிறகு பதிவைப் புதுப்பியுங்கள். வரிசையை மாற்றினால் நூறு டாலரையும் கட்டிவிட்டுப் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும். பதிவு ஆகஸ்ட் 31-ல் முடிகிறது, செப்டம்பரிலேயே இரண்டையும் முடித்துவிடலாம். எந்தக் கிளப் என்று தெரியவில்லையென்றால், நீங்கள் அடிக்கடி வண்டியை இறக்கும் இடத்துப் பார்க்கிங்கில் இருக்கும் போர்டைப் பாருங்கள், அந்தப் பகுதியைப் பராமரிக்கும் கிளப்பின் பெயர் பெரும்பாலும் அதில் எழுதியிருக்கும்.